முகத்துவாரத் திட்டுகளிலும் சிறு தீவுகளிலும் நடக்கவும் ஓடவும் இயலுமா?

கேள்வி – வைகைக்கரையான்

அன்புடையீர், வணக்கம்.

பணி மாற்றத்தால் குடும்பத்துடன் இராமநாதபுரத்திற்குக் குடிவந்துள்ளேன். மதுரையில் இருந்தவரை விடியற்காலையில் வைகைக் கரையோரமாக ஓடுவது என் வழக்கம். இங்கே நகரச் சாலைகளில் ஓடிப் பார்த்தேன்; சரக்கு லாரிகளும் புழுதியும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடல் இவ்வளவு அருகில் இருக்கும்போது அதன் ஓரமாகவே ஓடலாமே என்ற எண்ணம் அப்போதுதான் எழுந்தது.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் இருக்கும் ஒரு சிறு தீவையோ மணல் திட்டையோ ஒருமுறையாவது சுற்றி வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். வைகை கடலைச் சேரும் ஆற்றங்கரைப் பகுதியில் நீர் வற்றும்போது திட்டுகள் தெரியும் என்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் குருசடை, முயல் தீவு போன்றவை இருப்பதும் தெரியும். இவற்றில் எங்கே பொதுமக்கள் இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்பதில்தான் கேட்கும் இடமெல்லாம் வேறு வேறு பதில் வருகிறது.

என்னுடன் மூட்டு வலியுள்ள என் தந்தையாரும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் வருவார்கள். தந்தையார் மெதுவாகத்தான் நடப்பார். மகள் சக்கரக்கோட்டைக் கண்மாயில் பறவை பார்க்கத் தொடங்கி, இப்போது கடலோரப் பறவைகளைக் காண வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே ஓட்டம், நடை, இயற்கை ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் இடம் இம்மாவட்டத்தில் உண்டா, எந்த மாதங்களில் செல்வது நல்லது, முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியவை எவை என்பவற்றை இப்பகுதியை நன்கறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் – பாம்பன் வாடை

ஐயா, வணக்கம். தங்கள் கேள்வியில் இரண்டு வகைத் தீவுகள் கலந்திருக்கின்றன. அவற்றை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக உள்ள 21 தீவுகள் ஆறு கொண்டுவந்த மண்ணால் உண்டானவை அல்ல. பவளப் பாறையின் மீது பவளத் துண்டும் சிப்பித் தூளும் மணலும் படிந்து உயர்ந்தவை. அவை அனைத்தும் 1986-ஆம் ஆண்டு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் அதைச் சூழ்ந்த பெரும்பரப்பு உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. இவற்றில் எந்தத் தீவிலும் வனத்துறையின் அனுமதியின்றி இறங்குவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 21 தீவுகளில் மிகப் பெரியதான முயல் தீவுகூட ஏறத்தாழ 129 எக்டேர்தான். அதுவும், மனோலித் தீவும், மற்றவையும் இறங்காமல் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு மட்டுமே. “யாராவது மீனவரிடம் பேசிப் பணம் கொடுத்தால் கொண்டுபோய் விடுவார்” என்று எவரேனும் தங்களிடம் சொன்னால் தயவுசெய்து அதைக் கேட்க வேண்டாம். பிடிபட்டால் தாங்கள் அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பலாம். அந்தப் படகுக்காரரின் பிழைப்பே போய்விடும்.

அனுமதியோடு செல்லக்கூடியது குருசடைத் தீவு. பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறை சூழல் சுற்றுலாவாகப் படகு விடுகிறது. 1897 சனவரியில் விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய இடமும் அந்தக் குந்துகால்தான். அவருடைய நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. காற்று பலமாக இருக்கும் நாள்களில் படகு ஓடாது. ஆகவே கிளம்பும் முன் மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்வது முறை.

குருசடை ஏறத்தாழ 65 எக்டேர் பரப்புள்ள சிறு தீவு. ஆனாலும் கடல் உயிரியல் படித்தவர்கள் அதன் பெயரைச் சொல்லும்போதே குரல் மாறும். ஆங்கிலேயர் காலத்திலேயே சென்னை மாகாண மீன்வளத் துறை அங்கே ஆய்வு நிலையம் வைத்திருந்தது. 1927-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் அத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி மட்டுமே தனி வெளியீடு ஒன்றைக் கொண்டுவந்தது. முதுகெலும்புள்ள விலங்குகளின் தோற்றத்தை ஆராய்வோர் தேடி வரும் பாலனோகிளாசஸ் என்னும் புழு அதன் மணலில் வாழ்கிறது. பாடப்புத்தகத்தில் படத்தை மட்டும் பார்த்த மாணவர்கள் அதற்காகவே பல மாநிலங்களிலிருந்து அங்கே வந்திருக்கிறார்கள். தங்கள் மகளுக்கு இதைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

ஆனால் குருசடையில் ஓடலாம் என்று எண்ணி வராதீர்கள். வழிகாட்டியோடு, அவர் காட்டும் தடத்தில், குறித்த நேரத்திற்குள் நடந்து திரும்ப வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் கரையோரப் பாறையில் கால் வைக்கவும் கூடாது. காலுக்குக் கீழே கல் என்று தோன்றுவது உயிருள்ள பவளமாக இருக்கலாம்; வளர்வதற்கு ஆண்டுகள் பலவான ஒரு கிளை ஒரு மிதியில் முறிந்துவிடும். சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் கையில் எடுத்துவர வேண்டாம். பவளம், கடல் அட்டை ஆகியவற்றை வைத்திருப்பதற்கே தண்டனை உண்டு; குழந்தை விளையாட்டாக எடுத்தது என்று சொன்னால் சட்டம் ஏற்காது.

பதில் – கீழக்கரை ஆசிரியை

முகத்துவாரத் திட்டுகளைப் பற்றி நான் சொல்கிறேன். பறவை பார்ப்பதற்காக இந்தக் கரையில் நெடுங்காலமாக நடப்பவள் என்பதால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

வைகையின் நீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் மிஞ்சியது மட்டுமே ஆற்றங்கரை அருகே பாக் நீரிணையைச் சேர்கிறது. ஆறு வலுவாக ஓடாத முகத்துவாரத்தில் மணல் எங்கே சேர வேண்டும் என்பதை அலையும் காற்றுமே முடிவு செய்கின்றன. வாடை (வடகிழக்குக் காற்று) காலத்து அலை ஒரு பக்கமாகவும் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்து அலை மறுபக்கமாகவும் மணலைத் தள்ளுவதால், சென்ற ஆண்டு நின்ற திட்டு இந்த ஆண்டு அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே எவரேனும் கைபேசி வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி “இங்கே தீவு இருக்கிறது” என்றால் அதை நம்பி நீரில் இறங்காதீர்கள். அவ்வூர் மீனவர்களிடம் கேளுங்கள். எந்தப் பக்கம் மணல், எந்தப் பக்கம் களிச்சேறு, எங்கே நீவாடு (நீரோட்டம்) இழுக்கும் என்பதை அவர்கள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கடலில் நீர் ஏறி வற்றும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதனால் ஆபத்தில்லை என்று வெளியூர்க்காரர்கள் எண்ணிவிடுகிறார்கள். நிலம் தட்டையாக இருப்பதால் அந்தச் சிறு ஏற்றமே வெகுதூரம் பரவும். கணுக்கால் அளவு நீரில் கடந்து போன வாய்க்காலைத் திரும்பும்போது இடுப்பளவு நீரில் கடக்க வேண்டிவரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வற்றமும் அதிகம், ஏற்றமும் அதிகம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். தந்தையாரை அழைத்துச் செல்வதானால் திட்டுக்கு அழைத்துப் போகவே வேண்டாம். கரையில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பதே போதும்.

இனி, ஓடுவது பற்றி. திட்டுகளில் ஓடக் கூடாது என்பதே என் பதில். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆவணி, புரட்டாசியில் வடக்கே சைபீரியா, மத்திய ஆசியா முதலிய பகுதிகளிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கோட்டான்களும் (ஆந்தை அல்ல; இவை மூன்றுமே கரைப்பறவைகள்) இங்கே வந்து சேர்கின்றன. நீர் வற்றும்போது சேற்றில் இரை தேடும். கோட்டானின் வளைந்த நீண்ட அலகு புழு இருக்கும் ஆழம் வரை இறங்கும். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை. அது கண்ணால் தேடி, நாலடி ஓடி, சட்டென்று நின்று, கொத்தும். நீர் ஏறியதும் இரை எட்டாமல் போய்விடும். அப்போது எல்லாப் பறவைகளும் நீர் மூடாமல் எஞ்சியிருக்கும் அந்த ஒரு கீற்று மணலில் நெருக்கமாக நின்று ஓய்வெடுக்கும். நாம் “அழகான தீவு” என்று ஓட விரும்புவது அவற்றின் படுக்கையறையில்தான். ஒருவர் ஓடி வந்தால் கூட்டம் முழுவதும் எழும்பிச் சுற்றும். மாசி, பங்குனியில் திரும்பிப் போவதற்காக உடலில் சேர்த்துவைக்கும் கொழுப்பு அப்படி எழும்பும் ஒவ்வொரு முறையும் செலவாகிறது. பறவைகள் இரை தேடுவதை விட்டுத் தலையை உயர்த்திப் பார்க்கத் தொடங்கினால் நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

வலசை வந்தவை போன பிறகு கோடையில் ஓடலாமே என்று கேட்பீர்கள். கோடையில் இங்கேயே வாழும் பறவைகள் முட்டையிடுகின்றன. அவற்றுள் ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அனுமன் உப்புக்கொத்தி. தனி இனம் என்று அறிவியலாளர்கள் 2023-இல்தான் அதைப் பிரித்து அறிந்தார்கள். நம் சேதுக்கரையை மனத்தில் கொண்டே அப்பெயர் இட்டார்கள். அது கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் உள்ளங்கையளவு குழி பறித்து, மணல் நிறத்தில் கரும்புள்ளி தெளித்த முட்டைகளை இடும். குனிந்து தேடினாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டை, ஓடுகிறவர் கண்ணில் எப்படிப் படும்? வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ முட்டையின் மேல் நின்று நிழல் தரும். இவ்வகைப் பறவைகள் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. நாம் அருகில் நின்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்த நிழல் விலகியிருக்கிறது. சிறகொடிந்ததுபோல் ஒரு சிறு பறவை தரையில் இழுத்துக்கொண்டு தங்களுக்கு முன்னே ஓடினால், அதைப் பிடிக்கவோ படமெடுக்கவோ பின்தொடராதீர்கள். முட்டை தங்கள் காலடிக்கு அருகில் இருக்கிறது. வந்த காலடித் தடத்தின் மீதே கால் வைத்துத் திரும்புங்கள்.

தங்கள் மகள் சக்கரக்கோட்டையில் பார்க்கத் தொடங்கியது நல்ல தொடக்கம். அந்தக் கண்மாயும் தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயமும் 2025-இல், பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கடலோரப் பறவைக்கு அவளைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கோதண்டராமர் கோயிலை அடுத்த ஆழமற்ற நீர்ப்பரப்பில் பனிக்காலத்தில் பூநாரைகள் நிற்கும். அப்பகுதியில் ஏறத்தாழ 525 எக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025 சூனில் அறிவித்தது. சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம், நீருக்குள் இறங்க வேண்டிய தேவையே இல்லை.

வைகைக்கரையான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திட்டில் ஓடும் எண்ணத்தைக் கைவிட்டேன். அம்மா அவர்கள் எழுதியதை மகளுக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் கடலோரமாக ஓடுவதற்கு வேறு இடமே இல்லையா? நடப்பதற்குத் தனியாகவும் ஓடுவதற்குத் தனியாகவும் இடம் சொன்னாலும் சரியே.

பதில் – தங்கச்சிமடம் ஓட்டக்காரன்

அண்ணா, ஓட்டத்துக்கு நான் பதில் சொல்கிறேன். ஆசிரியை அக்கா திட்டுகளைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதற்காகக் கரையே கூடாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. இடமும் நேரமும் பார்த்து ஓடினால் பறவைக்கும் இடையூறில்லை, நமக்கும் நல்ல ஓட்டம்.

முதல் இடம், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையுள்ள சாலை. 2017-இல் திறக்கப்பட்ட இச்சாலையின் நீளம் 9.5 கிலோமீட்டர். 1964 திசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடி ஊரின் இடிபாடுகள் ஏறத்தாழப் பாதி வழியில் வரும். ஒருபுறம் ஊரார் பெண்கடல் என்று அழைக்கும் பாக் நீரிணை, மறுபுறம் ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடா. மேடு பள்ளம் இல்லாததால் எளிது என்று தோன்றும்; உண்மையில் காற்றுதான் இங்கே மேடு. முதலில் எதிர்க்காற்றில் ஓடுங்கள், திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். மாற்றிச் செய்தால், களைத்த பிறகு எதிர்க்காற்றோடு போராட வேண்டிவரும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரிச் சாலையில் கொட்டும். கண்ணாடி இல்லாமல் ஓட முடியாது. மரநிழல் என்பது அறவே இல்லை. குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். விடியற்காலையில் கடைகள் திறந்திருக்கா. பொதுமக்களைப் பகலில் மட்டுமே அனுமதிக்கிறார்கள். சோதனைச் சாவடி திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, சுற்றுலா வேன்கள் வரத் தொடங்குமுன் திரும்பிவிடுவது நல்லது. ஓடி முடித்த வெப்பத்தில் அரிச்சல்முனையில் கடலில் இறங்கிவிடாதீர்கள். இரு கடல் நீவாடும் மோதும் இடம் அது. குளிக்கத் தடை இருப்பது காரணத்தோடுதான். முனைக்கு அப்பால் தெரியும் மணல் தீடைகளுக்கும் பொதுமக்கள் செல்ல இயலாது.

இரண்டாவது, எனக்கு இதைவிடவும் பிடித்தது, உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரை. தங்கள் ஊரிலிருந்து மண்டபம் வரும் வழியில் பிரிய வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை சிறிது, கரை நீளம், பின்னால் சவுக்குத் தோப்பு நிழல். தந்தையார் தோப்புக்குள் நடக்கலாம், அமரலாம். தாங்கள் கரையில் ஓடலாம்.

மணலில் ஓடிப் பழக்கமில்லாதவர் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். நீர் வற்றி ஓரிரு மணி நேரத்திற்குள், அலை நனைத்துச் சென்ற பட்டையில் மணல் இறுகியிருக்கும், கால் புதையாது. அதற்கு மேலே உள்ள உலர்ந்த மணலில் ஓடினால் கெண்டைக்கால் சதை மறுநாள் நகர விடாது. கரை எப்போதும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் தாழ்ந்தும் ஒரு கால் உயர்ந்தும் விழும். ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடிவிட்டு வண்டி ஏறி வருவதைவிட, பாதித் தூரம் போய் அதே வழியில் திரும்பினால் சரிவு இரு கால்களுக்கும் சமமாகிவிடும். வெறுங்காலில் ஓடுவது சுகம்தான். ஆனால் கிளிஞ்சல் விளிம்பும், அறுந்த வலையில் தங்கிய தூண்டில் முள்ளும் மணலில் கிடக்கும். மெல்லிய அடியுள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் கரைவலை இழுப்பவர்கள் இருப்பார்கள். கடலிலிருந்து கரை வரை நீண்ட கயிற்றை இரு குழுக்களாக நின்று இழுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டியோ குனிந்து நுழைந்தோ ஓடாதீர்கள். இழுவையில் இருக்கும் கயிறு திடீரென்று எழும்பினால் காலை வாரிவிடும். அதைவிட, வேலை செய்கிறவர்களின் நடுவே புகுவது மரியாதையும் அன்று. இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள்.

தை முதல் பங்குனி வரை இன்னொன்றும் உண்டு. இரவில் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். விடிந்ததும் வனத்துறைப் பணியாளர்கள் மணலில் அதன் தடத்தைத் தேடி நடந்து வந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பார்கள். இரு பக்கமும் துடுப்புக் கால் பதிந்து, நடுவே வயிறு உரசிய பட்டையோடு, கடலிலிருந்து மேலேறும் அந்தத் தடத்தைப் பார்த்தால் மிதித்துக் கலைத்துவிடாதீர்கள். அந்த மாதங்களில் இரவு நீர் ஏறி நின்ற கோட்டுக்குக் கீழேயே ஓடினால் போதும். தடத்தின் மேற்பகுதி அப்படியே இருக்கும். பணியாளர் எவரேனும் எதிர்ப்பட்டால் பார்த்த இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பதில் – தொண்டிக் கரை

எல்லோரும் தெற்கையே சொல்கிறீர்கள். வைகைக்கரையார் கேட்டது ஆறும் கடலும் கலக்கும் இடம். அதற்கு எங்கள் திருவாடானை வட்டத்துக் காரங்காடுதான் சரியான விடை என்று நினைக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்தைத் தாண்டித் தொண்டிக்கு வரும் வழியில் பிரிந்தால் ஊர் வந்துவிடும்.

அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. மகளுக்கு அது பிடிக்கும். காட்டுக்குள் நுழைந்தவுடன் பேச்சை நிறுத்திவிட்டு நீரோரத்தைப் பாருங்கள். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீளத்தில் மூச்சு வேர்கள், பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல், மேல் நோக்கி நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் இப்படி மூச்சு விடுகிறது. அதன் இலையை உற்றுப் பார்த்தால் நுண்ணிய உப்புப் பொடி தெரியும். உறிஞ்சிய நீரிலுள்ள உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. வேர்களுக்கு நடுவே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் அதை உயர்த்தி உயர்த்திக் காட்டிக்கொண்டிருக்கும். படகின் நிழல் பட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் வளைக்குள் போய்விடும். சற்று நேரம் அசையாமல் காத்திருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இங்கே காலால் நடப்பது குறைவு. சேறு முழங்கால் வரை வாங்கும், வேரில் ஒட்டிய சிப்பி பாதத்தைக் கிழிக்கும், மூச்சு வேரை மிதித்தால் மரத்துக்கும் கேடு. ஆகவே படகிலிருந்தே பார்ப்பது நல்லது. எங்காவது ஆழமற்ற நீரில் இறங்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நகருங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப் போகும். மேலிருந்து மிதித்தால்தான் அதன் வால் முள் பாயும். சொறி மீன் (ஜெல்லி மீன்) மிதக்கும் நாள்களில் இறங்கவே வேண்டாம்.

ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மீன், நண்டு உணவை முன்னரே சொல்லி வைத்துச் சாப்பிட்டுப் போங்கள். சுற்றுலாவில் வரும் பணம் ஊருக்குள் இருப்பதால்தான், காட்டை வெட்டாமல் பார்த்துக்கொள்ள ஊரே முன்வருகிறது.

பதில் – பாம்பன் வாடை

தொண்டிக்காரர் சொன்னது மெய். ஆற்று வாய்க்கால் காட்டுக்குக் காரங்காடும், பவளத் தீவுக்குக் குருசடையும், ஓட்டத்துக்கு அரியமானும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மாதம் கேட்டிருந்தீர்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை கச்சான் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை அமைதியாக இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வந்ததும் இது தலைகீழாகும். குருசடை தென்கடல் பக்கம் இருப்பதால் தை, மாசி, பங்குனி அதற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் எந்தப் பயணமும் வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும்போதே தொலைவிலிருந்து பெரிய அலை வந்து கரையேறும் கள்ளக்கடல் நிகழ்வும் உண்டு. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. செய்தியில் அச்சொல்லைக் கேட்டால் அன்று கரையில் ஓடுவதையும் தவிருங்கள்.

தந்தையாரைப் பற்றி ஒரு சொல். படகில் ஏறுவதும் இறங்குவதுமே மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கடினம். உள்ளே உட்கார்ந்த பிறகு தொல்லையில்லை. அலை படகைத் தூக்கும்போது கால் எடுத்து வைக்கக் கூடாது, அது தாழ்ந்து சமநிலைக்கு வரும் நொடியில்தான் வைக்க வேண்டும். படகோட்டியிடம் முன்னரே சொல்லிவிட்டால் ஒருவர் உள்ளிருந்தும் ஒருவர் துறையிலிருந்தும் கை பிடித்து ஏற்றிவிடுவார்கள். நடுப்பகுதியில் உட்கார வையுங்கள். முன்பக்கம் அலையில் குலுங்கும்.

வைகைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. தை மாதத்தில் முதலில் காரங்காட்டுக்கும், தந்தையாருக்குப் படகு ஒத்துக்கொண்டால் அதன் பிறகு குருசடைக்கும் செல்வதென வீட்டில் பேசி முடித்துள்ளோம். வரும் ஞாயிறு அரியமானில் ஓடித் தொடங்குகிறேன். அன்று காலையில் நீர் வற்றும் நேரத்தை இப்போதே குறித்துக்கொண்டேன். மகள் அனுமன் உப்புக்கொத்தியையும் மற்றச் சிறிய உப்புக்கொத்திகளையும் எப்படிப் பிரித்து அறிவது என்று கேட்கிறாள். ஆசிரியை அம்மா நேரம் கிடைக்கும்போது எழுதினால் மகிழ்வாள்.

பதில் – கீழக்கரை ஆசிரியை

அவளிடம் இதைச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் அனுமன் உப்புக்கொத்தியும் வலசை வரும் சிறிய உப்புக்கொத்திகளும் கலந்து நிற்பதால் தொடக்கத்தில் பிரிப்பது கடினம். ஆகவே வலசைப் பறவைகள் போன பின், சித்திரையிலும் வைகாசியிலும் கரையில் எஞ்சியிருப்பவற்றை முதலில் பழகிக்கொள்ளட்டும். கழுத்தின் பின்புறம் வெள்ளைப் பட்டை முழுதாகச் சுற்றி வருகிறதா, மார்பின் இரு பக்கமும் உள்ள கரும்பட்டை நடுவில் சேராமல் நிற்கிறதா என்பதைப் பார்த்துக் குறிப்பேட்டில் வரையட்டும். மணல் உப்புக்கொத்திகளுக்கு அந்த வெள்ளைக் கழுத்துப்பட்டை இராது. ஒளிப்படத்துக்காக நெருங்க வேண்டாம். சாலையில் நிறுத்திய வண்டிக்குள் இருந்தபடியே பார்த்தால் அவை நம்மைப் பொருட்படுத்தாமல் அருகிலேயே மேயும்.